சின்னம்மா விட்டுவைக்கச் சொன்ன துண்டு

சின்னம்மாவின் தலைக்குள் டாக்டர் ஒரு துண்டை மிச்சம் விட்டுவிட்டார் என்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் பெரிய குறை. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ரீச்சர். இடது காது நரம்பில் அவருக்கு ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் இல்லை என்றாலும், மூளையை நெருக்கியதால் கொழும்பில் எடுத்தார்கள். அந்தக் காது கேட்காமல் போனது, நடை தள்ளாடியது. முக நரம்போடு ஒட்டியிருந்த துண்டை மட்டும் எடுக்கவில்லை. எனக்குப் பதினொரு வயதானபோது அது வளர்வதாக ஸ்கேன் காட்டியது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இருவரும் ஓட்டோவில் திரும்பினோம். கல்லடிப் பாலத்தடியில் சின்னம்மா இறங்கிவிட்டார். நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. வாவிக் காற்று சேலையை இழுக்க, ஒருபக்கம் சரிந்து சரிந்து நடந்தார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இளந்தாரி ஒருவன் கூட்டாளியிடம், "பகல்லயே தண்ணியடிச்சிட்டு வாறா, பாருடா" என்றான். கேட்கும் காதுப் பக்கம் நின்று சொன்னது அவன் கெட்ட காலம்.

சின்னம்மா நின்றார்.

"குடிக்கல்ல தம்பி. தலைக்குள்ள கட்டி. இந்த ஆட்டத்தோட நீங்க பாலம் முடிய நடந்து காட்டுங்க பாப்பம்."

அவன் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினான். சின்னம்மா மறுகரை வரைக்கும் நடந்தே வந்தார்.

வீட்டில் மாமா காத்திருந்தார். குடும்பத்தில் எல்லாருடைய தலைக்கும் தானே பொறுப்பு என்று நம்பியவர்.

"இந்தமுறை முழுசா எடுக்கச் சொல்லுவம். டாக்டரோட நான் கதைக்கிறன்."

"எடுத்தா ஒருபக்க முகம் செத்துப்போகும் அண்ணன். கதிர்வீச்சு குடுத்து வளராம நிப்பாட்டலாமாம். ஓம் எண்டு சொல்லிட்டுத்தான் வாறன்."

"உசிர விட முகமா பெரிசு?"

"என்ட தலை. நான்தான் முடிவெடுக்கிற."

மாமா தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார்.

கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு துண்டு வளரவில்லை, போகவும் இல்லை. இன்றும் சின்னம்மா இடைக்கிடை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்.

அன்று எனக்கு மாமா சொன்னதுதான் சரியாகப் பட்டது. வேலையை அரைகுறையாக விட்ட டாக்டர் மீது ஆத்திரம். அழகுக்காக அடம்பிடிக்கிறார் என்று சின்னம்மா மீதும் ஆத்திரம். கண்ணை மூடவும், குடிக்கும் தண்ணீர் வாயோரம் வழியாமல் இருக்கவும், வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவும் அந்த ஒரு நரம்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கொழும்பு ஒப்பரேஷனுக்கு முன்பே, "முகம் போகுமெண்டா மிச்சம் விடுங்க, அதோட நான் பாத்துக்கொள்ளுவன்" என்று டாக்டரிடம் சொன்னவர் சின்னம்மாதான் என்பதும் தெரியாது.