நனையாத படகு

போன வாரம் எங்கள் மலையில், கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்க நின்றேன். பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் கூடாரத்துக்குப் புதுப் பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்ட பிளாஸ்டிக்குக்கு ஒரு வாடை உண்டே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு மாமாவின் படகு ஞாபகம் வந்துவிட்டது.

மாமா என்றால் அக்காவின் கணவர். தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். கடலோரத்து லூமுட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், சின்னப் பலகைப் படகு ஒன்றை வாங்கி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மலையில் படகுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அணை கட்டியதால் ரிங்லெட்டில் எங்களுக்கும் ஓர் ஏரி இருந்தது. அக்காவை உட்கார வைத்து அதில் ஒரு சுற்று வர வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அக்காவுக்கோ தண்ணீரென்றால் நடுக்கம். "அடிப்பலகையில ஒரு சொட்டு ஊறினாலும் நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது மாமாவுக்கு அந்தப் பைத்தியம். தண்ணீரிலேயே கிடந்தால் அடியில் பாசி படியும், பலகை கெடும், அவ்வப்போது கரையேற்றிச் சுரண்டிச் சாயம் அடிக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். எங்கள் கரையோ வழுக்கும் களிமண். ஒருமுறை நானும் மாமாவும் இழுத்துப் பார்த்தோம். படகு அசையவில்லை, நாங்கள்தான் ஏரிக்குள் போனோம். அதன் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தக்காளிக்கு மழை படாமல் கூடாரம் போடுகிறார்கள், படகுக்கு ஏரி படாமல் போட முடியாதா?

கூடாரத் தாளைத் தண்ணீருக்குள் விரித்து, அதன்மேல் படகை மிதக்கவிட்டு, ஓரங்களைத் தூக்கிச் சுற்றிலும் மூங்கிலில் கட்டினார். உள்ளே மாட்டிய தண்ணீரை நான் வாளியால் இறைத்தேன். தாள் ஒரு பைபோலப் படகின் அடியோடு ஒட்டிக்கொண்டது. இப்படியும் ஒரு மூளையா என்று நான் வாய்பிளந்து நின்றதையும் சொல்லிவிட வேண்டும்.

மத்தியானமே மழை வந்து பையை நிரப்பியது. அப்புறம் வேலை முடிந்து வந்தால் இறைப்பதுதான் எங்கள் பிழைப்பு. எப்போது ஓட்டுவோம் என்று கேட்டால், தாளை அவிழ்த்தால் திரும்பக் கட்ட அரை நாள் ஆகும், தீபாவளிக்கு அக்காவை ஏற்றும்போது அவிழ்க்கலாம் என்பார். தீபாவளிக்கு மழை. பொங்கலுக்கு அக்காவுக்குத் தலைவலி. அது நிஜத் தலைவலிதானா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. மேலே மலையை வெட்டிய மண்ணெல்லாம் மழையோடு ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பைக்குள் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் இறைக்கப் போனால் படகு ஆடவே இல்லை. கீழே ஏரி இல்லை, சேறு. ஆட்களைக் கூட்டி வந்து புரட்டிப் பார்த்தோம். அடிப்பலகை வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தது. மாமா அதைத் தடவிக்கொண்டே நின்றார். கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை, பாவமாக இருந்தது.

அந்தக் கரையோரம் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. படகு அக்கா வீட்டுப் பின்புறம் இருக்கிறது. அன்று முட்டைக்கோஸோடு நான் போனபோது, அக்கா அதற்குள் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பயமா இல்லியாக்கா?"

"தண்ணி எங்கடா இருக்கு, பயப்பட?"

மாமா சிரித்தார். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து வந்தார்.

"எறங்கு புள்ள, மழை வருது. பலகை ஊறிடும்."