இரண்டாவது ரத்தப் பரிசோதனை

"அம்மா போயாரு, ஆன்ட்டி" என்று கோமதியக்காவின் மகள் போனில் தெலுங்கில் சொன்னாள். தமிழ் அவளுக்குப் புரியும், பேச வராது. நான் "எப்போ?" என்று மட்டும் கேட்டேன். மதியமே தகனம் முடிந்திருந்தது.

நம் கண் மருத்துவமனையின் திசு வங்கியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறுவைப் பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைக் கழுவி, சுருக்கமில்லாமல் தாளில் விரித்து, உறைபெட்டியில் வைப்பார். வெந்துபோன கண்ணின் மேல் அதைத் தைத்தால் புண் ஆறிப் புதிய படலம் வளரும். ஆனால் புதிய தொற்று முதல் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், சவ்வு தந்த தாய்க்கு ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதித்து, தொற்று இல்லை என்று தெரிந்தால்தான் அதை வெளியே எடுக்கலாம். தாய்மார்கள் அதற்குள் வீடு மாறியிருப்பார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போவார். "பெத்தவளும் மறந்துட்டா, பிள்ளைக்கும் தெரியாது. அந்தத் தோலுக்கு இப்ப நாந்தாம்ட்டி சொந்தக்காரி" என்பார்.

ஜீடிமெட்லா ஆலை ஒன்றில் ரசாயனக் காரம் தெறித்து, இரண்டு கண்களும் வெந்த நிலையில் யாதையா என்ற தொழிலாளி வந்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சவ்வு. ஆறு மாதம் முடிந்திருந்தது, தாய் கிடைக்கவில்லை. வேறெங்கும் கேட்டுப் பார்த்தோம், இல்லை.

"முதல் சோதனை சுத்தமாத்தானேக்கா இருந்தது? கொடுங்க."

"நக்கோ, முடியாது."

"அவர் குருடாயிடுவார்க்கா."

"தெரியும்ட்டி. நோயையும் சேத்துத் தச்சிட்டா, அப்புறம் எவன் பிரிச்சு எடுப்பான்?"

"உங்களுக்குக் கல்லு மனசு."

"ஆமா. அதுக்குத்தான என்னை இங்க வச்சிருக்காவ."

மூன்று நாள் அக்கா அந்தத் தாயைத் தேடி நாச்சாரத்தில் தெருத்தெருவாக அலைந்தார். நான் கூடப் போகவில்லை. நான்காம் நாள் தாயைக் கண்டுபிடித்து ரத்தம் எடுத்து வந்தார். தொற்று எதுவும் இல்லை. சவ்வைத் தைத்தார்கள், ஆனால் நாள் கடந்துவிட்டது. யாதையாவை அவர் மனைவி கைபிடித்துக் கூட்டிப்போவதை அக்காவும் நானும் சன்னலில் நின்று பார்த்தோம்.

"அன்னைக்கே குடுத்திருந்தா ஒரு கண்ணாவது தப்பிச்சிருக்கும்" என்றார். சன்னலைச் சாத்திவிட்டு, "நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றார்.

கல்லு மனசு என்று சொன்னதை நான் கடைசிவரை திரும்பப் பெறவில்லை. யார் சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு நான் வந்தேன். போன மாதம் ஓர் இளம் மருத்துவர் அதேபோல் கெஞ்சினார். முடியாது என்றேன். அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு சொல்தான். யாதையாவுக்கு மறுத்த பிறகும், தேடி அலைந்த களைப்போடு தினமும் சாயங்காலம் வார்டுக்குப் போய், கட்டுப்போட்ட கண்களோடு கிடந்தவரின் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருப்பார். போன மாதம் மறுத்த பிறகு என்னால் அந்த வார்டு வாசல்வரைகூடப் போக முடியவில்லை.