புதன்கிழமை ஏழரை மணி நாடகம்

நம்பாதவர்கள் விடுங்கள். ஆனால் இது நடந்தது. போன ஆடி மாதம், தலவிலையில், கடல் இரைச்சல் கேட்கும் ஓர் ஓட்டு வீட்டில். சுலக்சனாவைக் கேட்டுப் பாருங்கள். முன்னறைக் கதிரையில் அவள் இன்றைக்கும் இருக்கமாட்டாள்.

வன்னியிலிருந்து வந்து பதினைந்து வருடமாகியும் அவளுடைய தாய் குணேஸ்வரிக்குச் சிங்களம் பிடிபடவில்லை. ஆனாலும் புதன்கிழமை ஏழரைக்குத் தொலைக்காட்சியில் சிங்களத்தில் போகும் அந்த நாடகம் என்றால் உயிர். கல்லில் செருகிய வாளைப் பிடுங்கி அரசனாகும் பழைய வெள்ளைக்காரக் கதை. நடிப்பதெல்லாம் இளந்தாரிகள். சுலக்சனாவின் தம்பி றொபின்சன் பக்கத்தில் கதிரையைப் போட்டு வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்லுவான். ராசாவுக்கு ஒரு குரல், மந்திரவாதிக்கு ஒரு குரல். பொடியனின் கூத்தில் தாய் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவனுக்கு வயது பத்தொன்பது. அயலில் இருக்கும் மீனவன் கில்பட்டோடு கடலுக்குப் போனான். கில்பட் தனியே திரும்பினான். படகு பிரண்டது, இருட்டில் ஆளைக் காணவில்லை என்றான். அவ்வளவுதான். உடல் கரைக்கு வரவில்லை.

இருபத்திரண்டு நாள் போனது. பூசை இல்லாமல் தம்பி எங்கே அலைகிறானோ என்று சுலக்சனாவுக்கு நெஞ்சு பதறியது. முப்பத்தோராம் நாளுக்காவது பாதரிடம் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுப்போம் என்று தாயைக் கெஞ்சினாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் பூசையோ? கண்டறியாத கதை கதைக்காதை."

அன்று புதன். ஏழு முப்பத்தொன்று. சுலக்சனா குசினியில் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் சிரிப்பு...

தாய் சிரித்து இருபத்திரண்டு நாள்.

"மெல்லச் சொல்லு தம்பி. விளங்கேல்லை."

எட்டிப் பார்த்தாள். தாய் நிலத்தில் இருந்தாள். தலை வெறுங்கதிரைப் பக்கம் சாய்ந்திருந்தது.

"ராசாவுக்குக் காயமோ? ஓம்... சிநேகிதன் தூக்கிக்கொண்டு குளத்தடிக்குப் போறானோ? வள்ளம் வருதோ?"

சிரிப்பு நின்றது.

"இடது காலில கயிறு சுத்தியிருக்கோ? ஐயோ, ஆராவது அவிட்டு விடுங்கோவன்!"

சொட்டு... சொட்டு...

கதிரையிலிருந்து தண்ணீர். வெளியே மழை இல்லை.

"வள்ளம் எங்க கொண்டு போகுது, ராசா?"

பதில் தாய்க்குக் கேட்டது. சுலக்சனாவுக்குக் கேட்கவில்லை.

குணேஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருபத்திரண்டு நாளும் அழாத அழுகை. பெற்ற வயிறு அல்லவா!

"பிள்ளை... பூசைக்குப் பேர் குடு."

ஏழு ஐம்பத்திரண்டு.

அப்போதுதான் சுலக்சனா திரையைப் பார்த்தாள். கிரிக்கெட்.

அன்றைக்கு நாடகமே போகவில்லை.

கடைசிப் பகுதி அடுத்த புதன்தான் வந்தது. காயம், சிநேகிதன், குளம், வள்ளம், எல்லாம் தாய் சொன்னபடியே. ராசாவின் காலில் மட்டும் கயிறு இல்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்தது. கோயில் வாசலில் கில்பட் சுலக்சனாவை மறித்தான்.

"தங்கச்சி, இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. படகு பிரண்டேக்க தம்பியின்ர இடது காலில வலைக்கயிறு சுத்திப்போட்டுது. 'அவிட்டு விடுங்கோ அண்ணை' எண்டு கத்தினவன்... எனக்கு ஏலாமல் போச்சு."