இரண்டு போனும் பேசிக்கொண்டிருந்த மத்தியானம்

எங்கள் பங்காளி வகையறாவில் யார் இறந்தாலும் முதல் போன் ஆதிமூலத்துக்குத்தான் போகும். மற்ற வீடுகளுக்கு அவன்தான் சொல்வான். முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. அவனாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை இது. கலெக்டர் ஆபீஸில் பியூனாக இருந்தான். எங்கள் ஆட்களில் அப்போது போன் இருக்கிற இடத்தில் நின்றவன் அவன் ஒருத்தன்தான். சூப்பரண்டெண்டு மேஜைக்குச் சேதி வரும், இவன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடுவான். ரிட்டையர் ஆகி ஒன்பது வருஷம் ஆகியும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. எனக்கு அவன் ஒன்றுவிட்ட தம்பி முறை. அலுத்துக்கொண்டே எல்லாம் செய்வான், செய்யாமல் மட்டும் இருக்க மாட்டான்.

சாவு சொல்வதில் வரிசை உண்டு. இறந்தது பெண் என்றால் அவள் பிறந்த வீட்டுக்குத்தான் முதல் சேதி, அதையும் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் கோடிப்புடவை கொண்டுவந்து போட்ட பிறகுதான் எடுப்பார்கள். பிறகு சம்பந்தி வீடு, பெண் கொடுத்த வீடு, அதற்கப்புறம்தான் மற்றவர்கள். வரிசை தப்பினால் தெருமுனை வரை வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் அப்படி ஒருவர் திரும்பினார். கீழ்பென்னாத்தூரில் ராணியம்மாளின் புருஷன் இறந்த சமயம். அவர் ஆதிமூலத்துக்குப் பெரியப்பா மகன். புருஷன் போனாலும் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். ராணியம்மாளுக்குப் பிறந்த வீட்டில் மிஞ்சியிருந்தது ராமகிருஷ்ணன் என்று ஒரு தம்பி. அன்றைக்குப் பார்த்து ஆதிமூலத்துக்குக் காய்ச்சல். வீடு வீடாகக் கூப்பிட முடியாமல் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சேதியாகப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். ராமகிருஷ்ணன் குரூப்பெல்லாம் பார்க்கிறவர் இல்லை. யாரோ சொல்லி, சாயங்காலம் கோடியோடு வந்தார். பங்காளிகள் எல்லோரும் ஏற்கெனவே பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் புடவையை ஆட்டோவிலிருந்து இறக்காமலே திரும்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ராணியம்மாளின் மகன் புகழேந்தி கோபத்தில் மாமன் நம்பரையே அழித்துவிட்டான்.

அதற்குப் பிறகு ராணியம்மாள் ஆதிமூலத்தை எங்கே பார்த்தாலும் விடமாட்டாள்.

"நான் செத்தா என் தம்பி கோடி வரணும் ஆதி. கெடுத்தது நீ. நீதான் சரி பண்ணணும்."

"சரி அண்ணி."

"அன்னைக்கும் காய்ச்சல்னு படுத்துக்காத."

"நீங்க சாவுற அன்னைக்கு நான் படுக்கவே மாட்டேன், போதுமா?"

இந்த வருஷம் சித்திரையில் ஆதிமூலத்தின் போன் கெட்டது. பேட்டரி ஊதி முதுகு உப்பியிருந்தது. திரையின் இடது ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டால் கேட்காது. ஒரு தடவை அணைந்தால் உயிர் வர ஒரு நாள் ஆகும். ஓசூரில் வேலை செய்யும் மகன் கலையரசன் வேறு கம்பெனி போன் ஒன்று வாங்கி அனுப்பினான். அது பதினோரு நாள் டப்பாவிலேயே கிடந்தது. நானூறு நம்பரைப் பழசிலிருந்து புதுசுக்கு எதை வைத்து மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு யோசனை.

கூகுள் கணக்கில் ஏற்றிவிட்டால் போதும் என்றாள் மருமகள் வினோதினி. அந்தக் கணக்கை முன்னே போன் விற்ற கடைக்காரர் எந்தப் பெயரிலோ போட்டிருந்தார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒயர் போட்டுக் கம்ப்யூட்டர் வழியாக மாற்றித் தருவார்களாம், ஆனால் அரை நாள் போனை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும்.

"அரை நாளா? அதுக்குள்ள யாராவது போய்ட்டா?"

"உங்க கையில போன் இருக்குதான்னு கேட்டுக்கிட்டா மாமா சாவுறாங்க?"

"அண்ணிய ஆஸ்பத்திரியிலேர்ந்து வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. உனக்கே தெரியுமில்ல?"

கடைசியில் கலையரசன் சொன்ன வழிதான் மிச்சம் இருந்தது. புதுப் போனில் இருக்கும் ஆப்பைப் பழசிலும் ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்கேன் பண்ணினால் அதுவே இழுத்துக்கொள்ளும். போன் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆதிமூலம் அதற்குத்தான் சம்மதித்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வேங்கிக்கால் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு போனையும் வைத்தாள் வினோதினி. எது எது வேண்டும் என்று திரையில் வரிசையாகக் கேட்டது.

"நம்பர் மட்டும்னா அஞ்சு நிமிஷந்தான் மாமா. படம், வீடியோவெல்லாம் வேணுமா? குட் மார்னிங் படமே பதினாலாயிரம் கீது."

"அதுக்குள்ள எவனாச்சும் பத்திரிகை அனுப்பியிருப்பான். யாரு உட்கார்ந்து பொறுக்குறது? எல்லாத்தையும் டிக் பண்ணு."

"ஜாஸ்தி நேரம் ஆவும்."

"ஆவட்டும். முதுகு வலிக்குது, நான் கொஞ்சம் சாயறேன்."

இரண்டே முக்கால் மணி நேரம் என்று காட்டியது. அதுவரை இரண்டையும் தொடக் கூடாது, கால் எதுவும் உள்ளே வராது.

பன்னிரண்டே கால் மணிக்கு வினோதினியின் போன் அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து புகழேந்தி. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா போய்ட்டாங்க சித்தப்பா. பதினொன்னே முக்காலுக்கு. உங்க நம்பருக்குப் போவவே மாட்டேங்குது."

ஆதிமூலம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "மாமனுக்குச் சொல்லிட்டியா?" என்றான்.

"எந்த மாமன்?"

"உனக்கு எத்தன மாமன்டா கீறாங்க?"

"அவர் நம்பர் எங்கிட்ட ஏது? நீங்கதான் சொல்லணும். அஞ்சு மணிக்கு எடுக்குறோம்."

"நான் சொல்றவரைக்கும் வேற யாருக்கும் சொல்லாத. ஸ்டேட்டஸ் கீட்டஸ் எதுவும் போடாதீங்க."

வினோதினி பேச்சுக்கு நடுவிலேயே போனைத் தள்ளிப் பார்த்தாள். "போட்டாச்சு மாமா. கவிநிலா போட்டுப் பத்து நிமிஷம் ஆவுது." கவிநிலா புகழேந்தியின் மகள், காலேஜ் படிக்கிற பெண். பாட்டி படம், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே தேதி. அழுதுகொண்டேதான் போட்டிருப்பாள்.

ராமகிருஷ்ணன் நம்பர் பழைய போனுக்குள் இருந்தது. வேறு யாரிடமாவது கேட்டால் சாவு சேதி அவர்களுக்கு முதலில் போய்விடும். முப்பத்தெட்டு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது அது. நிறுத்துவதற்கான பொத்தான் திரையின் இடது ஓரத்தில், தொட்டால் கேட்காத இடத்தில் இருந்தது. வினோதினி நகத்தால் குத்திப் பார்த்தாள், துடைத்துவிட்டுக் குத்திப் பார்த்தாள்.

"அணைச்சிடவா மாமா?"

"அணைச்சா திரும்ப வருமா?"

அவள் போனிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"புதுசுல அவர் நம்பர் வந்திருக்குமில்ல?"

"படந்தான் முதல்ல வருது. நம்பர் கடைசியில போல."

மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றான் ஆதிமூலம். "இத்தன வருஷம் நான் பேசினேன். இன்னைக்கு இதுங்க ரெண்டும் பேசிக்கிட்டு கீதுங்க" என்றபடி சட்டையை மாட்டினான். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள் வினோதினி. வேண்டாம், நீ இதைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு இறங்கினான்.

ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து இன்னொரு ஆட்டோவில் செங்கம் ரோடு. பங்குனி, சித்திரை என்று எல்லா வெயிலும் சேர்ந்து அடித்தது. ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் ராமகிருஷ்ணனுக்கு வீடு. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட மாடியில் இரண்டு அறை கட்டியிருந்தார். அவர் மருமகள் மணிமொழி வந்து கேட்டைத் திறந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, வாங்க என்று சொல்லவில்லை. ஆதிமூலத்துக்குப் புரிந்துவிட்டது.

ராமகிருஷ்ணன் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, தோளில் துண்டு. ஜன்னல் மேல் அவர் போன் குப்புறக் கிடந்தது.

"என்னா மாமா, இந்த வெயில்ல?" என்றார், நிமிராமல்.

ஆதிமூலம் வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை. "மச்சான், அக்கா போய்ட்டாங்க. பதினொன்னே முக்காலுக்கு. உங்களுக்குத்தான் முதல்ல சொல்ல வந்தேன். நான் இன்னும் யாருக்கும் சொல்லல."

"ஊரே பார்த்துடுச்சி."

"சின்னப் பொண்ணு, தெரியாம போட்டுடுச்சி. சொல்றவன் நான். நான் இப்பத்தான் சொல்றேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"பழசுலேர்ந்து புதுசுக்கு மாத்திக்கிட்டு இருக்காங்க. உங்க நம்பர் அதுக்குள்ள மாட்டிக்கிச்சி."

"அப்போ நம்பர் கையில இருந்திருந்தா போன்லயே முடிச்சிருப்பீங்க. வந்திருக்க மாட்டீங்க."

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்ததாக அவனே பிறகு என்னிடம் சொன்னான். அதற்கும் தெம்பு இல்லையாம்.

"ஆமா மச்சான். போன்லதான் சொல்லியிருப்பேன்."

ராமகிருஷ்ணன் அப்போதுதான் நிமிர்ந்தார். முகம் கோணியது. "முக்கால் மணி நேரமா சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் மாமா. யாரும் வரலன்னா கழட்டிப் போட்டுட்டுப் படுத்துக்கலாம்னு..." துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மணிமொழி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஆதிமூலத்திடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.

அழுது முடித்துவிட்டு அவர்தான் முதலில் எழுந்தார். "கோடி எடுக்கணும். சாப்பாட்டுக்குக் கடையச் சாத்திடப்போறான், வாங்க."

தேரடித் தெருவில் புடவை எடுத்தார்கள். மூன்றைத் தள்ளிவிட்டு நாலாவதாக ஒரு பச்சையை எடுத்தார் ராமகிருஷ்ணன். கொஞ்சம் மினுமினுப்பு ஜாஸ்தியாக இருக்கிறதே என்றான் ஆதிமூலம். "எங்க அக்காவுக்கு மினுக்குனாதான் புடிக்கும், உங்களுக்கு என்னா தெரியும்" என்றார் அவர். ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு ஒன்றே முக்காலுக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார்கள். இருவருக்கும் அவரே டிக்கெட் எடுத்தார்.

பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் ஆதிமூலம் தூங்கிவிட்டான். தலை சரிந்து சரிந்து கடைசியில் ராமகிருஷ்ணன் தோளில் வந்து நின்றது. அவர் கோடிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், ஆதிமூலம் மாமா கூப்பிடுகிறார் என்று காட்டியது. அவர் தோளில் தூங்குகிறவனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காதில் வைத்தார்.

"நான் வினோதினி பேசறேன் பெரியப்பா. சிம்மப் புதுப் போன்ல போட்டுட்டேன். நம்பரெல்லாம் வந்துடுச்சி. மத்தவங்களுக்குச் சொல்லணும், யாரு யாருன்னு மாமாகிட்டக் கேக்கணும். அங்க கீறாரா?"

"கீறாரு. தூங்குறாரு."

"எழுப்புறீங்களா?"

"எழுப்ப வேணாம். தூங்கட்டும்" என்றார் ராமகிருஷ்ணன். "நான் சொல்றேன், நீ ஒவ்வொருத்தரா கூப்பிடும்மா. முதல்ல ஆரணி சம்பந்தி தனம். மெதுவா சொல்லு, அந்தம்மாவுக்கு பிரஷர் ஜாஸ்தி."