காலில் பட்ட மூன்று தட்டு

திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி சந்திரமோகனுக்கு வயது நாற்பத்தாறு. டைல்ஸ் போட்ட குளத்தில் நீந்துவதெல்லாம் ஒரு நீச்சலா என்று கேட்டுத் திரிகிற கிணற்று நீச்சல்காரர். திருத்தணிக்கு வெளியே ஒரு பள்ளியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். நீந்த எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு, வாய்க்கொழுப்பில் எட்டு என்று எழுதினார். அதனால் அவரை வரிசையின் முன்னால் நிறுத்தினார்கள்.

இறங்கும் முன்பே மைக்கில் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு லேனில் ஐந்து பேர், பத்து விநாடிக்கு ஒருவராக இறங்க வேண்டும். மொத்தம் எட்டுச் சுற்று, குளத்தின் நீளத்துக்குப் போக எட்டு முறை, வர எட்டு முறை. பின்னால் வருகிறவர் காலைத் தட்டினால் சுவரோரம் நின்று வழிவிட வேண்டும். பன்னிரண்டு நிமிடம் தாண்டினால் சைக்கிளைத் தொட முடியாது.

அவருக்கு அடுத்து புவனா. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். தண்ணீரென்றால் நடுங்கியவள், இந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்க பஸ் ஏறி வந்து பழகியவள்.

நான்காவது சுற்றில் சந்திரமோகன் காலில் ஏதோ பட்டது. கிணற்றில் கூட்டாளிகள் காலை இழுத்தால் உதறுவதுதான் பழக்கம், உதறினார். இரண்டாவது தட்டில் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கு வழிவிடுவதா என்ற வீம்பு. சுவரைத் தொட்டதும் நிற்காமல் திரும்பினார். மூன்றாவது தட்டுக்கு ஓங்கி உதைத்தார். குதிகால் எதிலோ பட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். மனுஷன் நிற்கவில்லை.

சந்திரமோகன் ஓட்டம் வரை முடித்து மெடல் வாங்கினார். புவனா இருமி, கயிற்றைப் பிடித்து நின்று, இருபது விநாடி வித்தியாசத்தில் பன்னிரண்டு நிமிடக் கெடுவைத் தவறவிட்டாள்.

பள்ளி வாசலில் அவளே அவரிடம் வந்தாள். தாடை வீங்கியிருந்தது.

“சாரிண்ணா. ரொம்ப கிட்ட வந்துகினு இருந்தேன். காலைத் தட்டித் தட்டி உங்களுக்குத் தொந்தரவு பண்ணிட்டேன்.”

மெடல் கழுத்தை அறுத்தது. வெட்கத்தில் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நீ தட்டனது தெரிஞ்சிதாம்மா உதைச்சேன்.”

புவனா தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“மூணு வாட்டியுமா?”

“மொத வாட்டி தெரியல. அப்புறம் தெரியும்.”

“நான் நல்லா தட்டலியோன்னு நெனச்சிகினு இருந்தேங்க,” என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.