சந்தனப் பொட்டு வைத்த டைப்ரைட்டர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். ராயப்பன்பட்டிக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவறாதவள், மற்ற எதையும் மனப்பிரமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

அது இரண்டாயிரமாவது வருஷம். என் மகள் அப்போது கைக்குழந்தை, வெளியே வேலைக்குப் போக வழியில்லை. உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல், "சொந்த மெஷின் இருந்தா வீட்லயே அடிச்சுக் குடும்மா. பூஜை லீவு முடிஞ்சதும் மொதக் கட்டு வந்திரும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்குமாக அலைகிறவளுக்குப் பெரிய மெஷின் சரிப்படாது, கைப்பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற போர்ட்டபிள்தான் வேண்டும். கம்பத்தில் சரோஜாம்மா என்பவர் மகனோடு மெட்ராஸ் போகிறார், கணவர் வைத்திருந்த பழைய போர்ட்டபிள் இரண்டை விற்கிறார் என்று காதில் விழுந்ததும் கிளம்பிவிட்டேன். அன்று ஆயுத பூஜை என்பது, வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

போனால், இரண்டு மெஷினும் சாமி படத்துக்கு முன்னால் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கின்றன.

"கும்பிட்டு வச்சது ஆத்தா, நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது. எது வேணும்னு கண்ணால பாத்துச் சொல்லு" என்றார் சரோஜாம்மா.

டைப்ரைட்டரை அடித்துப் பார்க்காமல் வாங்குவதா? மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்து முடிவு செய்கிற கதைதான். ஒன்று பச்சை, அப்படி ஒரு பளபளப்பு. இன்னொன்று சாம்பல் நிறம், ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்து கிடந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து எழுத்துகள் தேய்ந்திருக்கிறதா, ரோலர் வெடித்திருக்கிறதா என்று மாறி மாறிப் பார்த்தேன். மனசு பச்சையின் மேலேயே இருந்தது. சரோஜாம்மா சுண்டல் எடுத்து வர அடுப்படிக்குப் போனார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

டிங் என்று மணி அடித்தது. சாம்பல் நிற மெஷினில்.

டைப் படித்தவர்களுக்குத் தெரியும், வரி முடியப்போகிறது என்று மணி அடித்தால் இடது கை யோசிக்காமல் அடுத்த வரிக்குத் தள்ளுகிற லீவருக்குப் போய்விடும். என் கையும் போய்விட்டது. லீவரைப் பிடித்த பிறகுதான், ஐயையோ தொடக்கூடாதே என்று ஞாபகம் வந்தது, அதற்கும் பிறகுதான் இதை அடித்தது யார் என்று தோன்றியது. தாள் மாட்டுகிற மேல்பாகம், அதைக் கேரியேஜ் என்போம், சற்று முன் நடுவில் நின்றதை நானே பார்த்தேன். இப்போது அது இடது ஓரத்தில் இருந்தது.

அடுப்படியிலிருந்து சரோஜாம்மாவின் குரல் சாதாரணமாக வந்தது. "அவுக வரி முடிஞ்சிருச்சு. தள்ளி விட்ரு ஆத்தா."

தள்ளினேன். அடடா, என்ன இழைவாக ஓடியது தெரியுமா! பயந்தாயா என்று கேட்பீர்கள், அதுதான் வேடிக்கை, துளிகூடப் பயமில்லை, உடம்பெல்லாம் புல்லரித்து, பரீட்சையில் பாஸ் என்று கேட்ட மாதிரி ஒரு சந்தோஷம். "இதுதாம்மா எனக்கு!" என்று கத்தியே விட்டேன்.

சுண்டலை நீட்டியபடி அவர் சொன்னார். "வாதம் வந்து அவுகளுக்கு எடது கை வெளங்காமப் போச்சு. ஒத்தக் கையாலயே அடிப்பாக. மணி அடிச்சா பக்கத்துல இருந்து நாந்தான் தள்ளி விடுவேன். போய்ச் சேந்த பொறவும் பூஜையன்னைக்கு மட்டும் சும்மா இருக்க மாட்டேங்கிறாக." பிறகு என் கையைப் பார்த்துச் சிரித்தார். "நீதான் தொட்டுட்டியே, தூக்கிட்டுப் போ."

வக்கீல் கொடுத்த கட்டைச் சொன்ன நேரத்துக்கு அடித்துக் கொடுத்தேன், வேலை எனக்கே நிலைத்தது. ஆனால் என்னிடம் வந்த பிறகு அந்த மெஷினில் மணி அடிக்கவே இல்லை. ஏதோ சிக்கியிருக்கும் என்று தேனிக்குத் தூக்கிப்போனேன். மெக்கானிக் அடிப்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரிப்பேர் இல்லக்கா, இதுல மணியே இல்ல. இங்கன பாருங்க, கழட்டுன எடத்துல துரு ஏறிக் கெடக்கு. எந்தக் காலத்துல போச்சோ! வேற ஒண்ணு மாட்டித் தரவா?"

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கேட்டது பிரமை என்றே வைத்துக்கொள்வோம், என்னுடைய பழைய வார்த்தைதானே. அப்படியானால் அடுப்படியில் நின்ற அந்த அம்மாவுக்கு எப்படிக் கேட்டது?

இப்போது வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் ஆயுத பூஜையன்று அந்த மெஷினை இறக்கி, சந்தனப் பொட்டு வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இன்றும் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனால் மணி அடித்தால் யாராவது தள்ளி விட வேண்டுமே.