ஜனவரி ஒன்றில் பிறந்த இரண்டு பேர்

போன கிழமை பல்லுக் காட்டப் போன இடத்தில், வரவேற்பு மேசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொடுதிரை நின்றது. பக்கத்தில் கை சுத்தம் செய்யும் ஜெல் போத்தல். ஒருமுறை அமத்தித் தேய்த்தேன். சாராய நெடி மூக்கில் ஏறியது. திரை என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிறந்த தேதியைச் சொன்னால் போதுமாம், ஆள் யாரென்று அதுவே கண்டுபிடித்துவிடுமாம். வந்த எரிச்சலில் பல்வலி மறந்தே போனது.

அந்த நெடி எனக்கு 2009ஆம் ஆண்டின் நெடி. பன்றிக் காய்ச்சல் வந்த வருடம். தெற்கு லண்டனில், சட்டன் என்ற இடத்தில், ஜிபி என்கிற குடும்ப வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசைதான் என் முதல் வேலை. நாள் முழுக்க ஜெல்லைத் தேய்த்துத் தேய்த்து என் கை தோலுரிந்த கிழங்கு மாதிரி இருந்தது. எங்கள் சனத்துக்கு மட்டும் காய்ச்சலைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்கவில்லை. ஊரில் போரின் கடைசியில் நடந்துகொண்டிருந்ததைப் போனில் கேட்டபடியேதான் என் முன்னால் வந்து நிற்பார்கள். அழுதுகொண்டே முகவரி சொன்னவர்களும் உண்டு.

என் வேலை, புதிதாக வருகிறவர்களை மென்பொருளில் பதிவது. அந்த மென்பொருளைச் செய்த மகான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். குடும்பப் பெயரைப் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரை அதில் அடைப்போம். பிறந்த தேதி இன்னும் பெரிய கூத்து. வருடம் மட்டும் சொன்னால் போதும், தேதி ஞாபகமில்லை என்று சொல் என்று, காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்சிக்காரன் பாடமாக்கி அனுப்பியிருப்பான். அகதி வழக்கை விசாரிக்கிற அதிகாரி ஜனவரி ஒன்று என்று எழுதி முடித்துவிடுவார். பிறந்தநாள் வந்த கிழமை முழுக்கப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேக் படம் காட்டும் அந்த மென்பொருள். புதுவருடம் கழித்துக் கதவைத் திறந்தால் அன்றைய பட்டியல் பேக்கரி மாதிரி இருக்கும்.

இந்தக் கேக் கடைக்கு முதலாளி எங்கள் மனேஜர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜேர்மனியில் இருபது வருடம் இருந்து, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் வந்தவர். அவர் இல்லாதபோது நாங்கள் வைத்த பெயர் ஜேர்மன் அண்ணை. பேனா சரிந்து கிடந்தாலும் "ஜேர்மனியிலை எண்டால் இப்பிடி நடக்காது" என்பார். அப்படியென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நான் பெரிய வீராங்கனையில்லை.

மென்பொருள் ஒருநாள் ஒரு பட்டியலைத் துப்பியது: இரட்டைப் பதிவாக இருக்கக்கூடியவை. ஒரே ஆளை இரண்டு தரம் பதிந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். ஜேர்மன் அண்ணைக்கு அன்று கல்யாண வீட்டுக் களை. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வெறுமையாக வேண்டுமாம்.

அதில் இருந்தார்கள் கந்தையா யோகராசாவும் கந்தையா யோகராசாவும். இருவருக்கும் ஒரே வருடம், ஜனவரி ஒன்று. ஒரே வீட்டு இலக்கம். எங்கள் ஆட்கள் ஆறேழு பேர் அறையறையாக வாடகைக்கு இருந்த வீடு அது. கீழ் அறைக்காரர் பிரான்ஸிலிருந்து வந்தவர், பெற்றோல் நிலையத்தில் வேலை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட். மேல் அறைக்காரர் அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் நாலாக மடித்த கடிதம் வைத்திருப்பார். இருவரையும் எனக்குத் தெரியும்.

"அண்ணை, இவை ரெண்டு பேர்" என்றேன்.

"ஒரே பேர், ஒரே தேப்பன், ஒரே தேதி, ஒரே வீடு. நீர் என்ன ஆக்களைப் பாத்தே பதியிறீர்? சிஸ்டம் சொல்லுது தானே. அமத்தும்."

அவருடைய பிறந்த தேதியும் ஜனவரி ஒன்றுதான். ஊழியர் பட்டியலில் பார்த்திருக்கிறேன். அந்தத் தேதி எப்படி வருகிறதென்று அந்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நிற்பவரைவிடக் கேவலம் ஒன்று இருந்தால், தெரிந்துகொண்டே அமத்துகிறவள். நான் அமத்தினேன். அலுமாரியில் இருந்த இரண்டு கடித உறைகளையும் ஒரு ரப்பர் பாண்டால் கட்டிவைத்தேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் பழுப்பு நிறத்தில் ஒரு உறை உண்டு. டொக்டர்மார் கையால் எழுதிய தாள்கள் அதற்குள் இருக்கும்.

அடுத்த மாதம் கீழ் அறைக்காரர் லண்டனின் கிழக்குக் கரையில் பார்க்கிங் என்ற ஊரில் கடை திறந்து அங்கே போய்விட்டார். புது இடத்தில் ஜிபியில் பதிந்தார். வழக்கப்படி, நோயாளிகளின் உறைகளைக் கிளினிக் விட்டுக் கிளினிக் மாற்றும் மத்திய அலுவலகம் உறையைக் கேட்டது. ரப்பர் பாண்டோடு அனுப்பினோம். மென்பொருள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இருந்த ஒரே ஒரு யோகராசாவை.

இரண்டு கிழமை கழித்து மேல் அறைக்காரர் வந்தார். "நீங்கள் இங்கே பதியப்படவில்லை" என்றது திரை.

"தங்கச்சி, நான் இல்லையெண்டால் இப்ப ஆர் உம்மோடை கதைக்கிறது?" என்று சிரித்தார். பிறகு அந்தக் கடிதத்தை விரித்தார். "ஒன்பது நாளிலை வழக்கு. நான் வந்த கிழமை பெரிய டொக்டர் கீறின படம் வேணுமாம். லோயர் கேக்கிறார்."

பெரிய டொக்டர் என்றது ஓய்வுபெற்றுப் போன எங்கள் ஐரிஷ் வைத்தியரை. ஆமியின் முகாமிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்திறங்கிய கிழமையே யோகராசாவின் முதுகைப் பார்த்து, ஒவ்வொரு காயத்தையும் நீலப் பேனாவால் படம் கீறி, இன்னும் ஆறாதது எது, சூடு வைத்தது எது என்று எழுதியிருந்தார். காயம் புதிதாக இருந்தபோது பார்த்த ஒரே சாட்சி அந்தத் தாள்தான். அது பார்க்கிங்கை நோக்கி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

நான் திணறுவதைப் பார்த்து அவர் சட்டையைத் தூக்கினார். இருமிக்கொண்டிருந்த இருபது பேருக்கு முன்னால். "இஞ்சை கிடக்குது எல்லாம். இதைப் பாத்து எழுதேலாதோ?"

புது டொக்டர் பார்த்து எழுதினார்: பழைய தழும்புகள், காரணம் சொல்ல முடியாது. அவரில் பிழையில்லை, மூன்று வருடத் தழும்பு வேறென்ன சொல்லும்?

லீவு போட்டுவிட்டு ரயிலேறிப் பார்க்கிங்குக்குப் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த பெண், உறை வந்து சேர இரண்டு மாதமாவது ஆகும் என்றாள். மத்திய அலுவலகத்துக்குப் போன் எடுத்தால் பாட்டுப் போட்டார்கள். ஒன்பது நாளும் பாட்டுத்தான் கேட்டேன்.

மேல் அறைக்காரரின் உறை எங்களிடம் திரும்பி வந்தபோது மரங்கள் இலை கொட்டி முடித்திருந்தன. படம் பத்திரமாக இருந்தது. அவருடைய போன் வேலை செய்யவில்லை. வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர், "வழக்குத் தோத்துப் போச்சு. இமிகிரேசனிலை கிழமைக் கையெழுத்து வைக்கப் போன இடத்திலை மறிச்சு, பிளேனிலை ஏத்திப் போட்டாங்கள்" என்றார்.

திரும்பி வந்து ஜேர்மன் அண்ணையிடம் சொன்னேன். அவர் உறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பாத்தீரே, வந்திட்டுது தானே. சிஸ்டம் வேலை செய்யுது" என்றார்.

அந்தக் கிளினிக் இப்போது உடற்பயிற்சிக் கூடம். பழுப்பு உறைகளை இப்போது ஒருவரும் நிரப்புவதில்லை. யோகராசா எங்கே இறக்கப்பட்டார், இறங்கியபின் என்ன நடந்தது என்று சொல்ல எனக்குத் தெரிந்து எவரும் இல்லை. நாட்டை விட்டுப் போனவரின் உறையை மத்திய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தத் தாளோடு நான்தான் ஒட்டி அனுப்பினேன். ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. போட்டோகொப்பி மெசின் என் கதிரைக்குப் பின்னால்தான் இருந்தது.